மண்ணை வரைவதும் மண்ணால் வரைவதும்

"மெல்போர்னில் ஒரு கலைக்கூடத்தில், ஆஸ்திரேலியப் பூர்வகுடி ஓவியர் ஒருவர் மரப்பட்டையில் வரைந்த படம் பார்த்தேன். நிறமெல்லாம் அவருடைய மூதாதையர் நிலத்து மண்ணிலிருந்து எடுத்தது என்று பக்கத்தில் எழுதி வைத்திருந்தார்கள். மஞ்சள் மண் எங்கே எடுத்தாலும் மஞ்சள்தானே? அடுத்த அறையில் இன்னொரு பூர்வகுடி ஓவியர் கடையில் வாங்கிய அக்ரிலிக்கில் ரோஸ் நிறத்தை அள்ளிப் பூசியிருக்கிறார், அதுவும் தன் நிலம் என்கிறார். இரண்டும் எப்படி உண்மையாகும்? நம்மூர் காவிக்கல்லை வைத்து வீட்டில் இதைச் செய்து பார்க்கலாமா?" இதுதான் நீங்கள் கேட்டது. நிறத்துக்கும் நிலத்துக்கும் உள்ள பிணைப்பு எந்த இடத்தில் இருக்கிறது, பொருளிலா, கண்ணுக்குப் படும் தோற்றத்திலா, வரைவதற்கான உரிமையிலா என்பதே உங்கள் சந்தேகம் என்று எடுத்துக்கொள்கிறேன். நிறமி, பசை, ஓவியப் பாதுகாப்பு என்ற பக்கத்திலிருந்து பதில் சொல்கிறேன். சடங்குகளின் உட்பொருளைப் பேச எனக்கு அதிகாரம் கிடையாது, வெளியாள் யாருக்கும் கிடையாது. தவிர, 'பூர்வகுடி ஓவியம்' என்று ஒரே ஒரு மரபு ஆஸ்திரேலியாவில் இல்லை. நூற்றுக்கணக்கான மொழிகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு நிலம். பொத்தாம்பொதுவாகப் பேசுவதைவிட இரண்டு மூன்று பேரை எடுத்துக்கொண்டு பேசுவது நல்லது.

முதலில் உங்கள் பக்க நியாயம். வேதியியல்படி மஞ்சள் எங்கே எடுத்தாலும் ஏறக்குறைய மஞ்சள்தான். மஞ்சள் காவிக்கு நிறம் தருவது கோயத்தைட், செங்காவிக்கு ஹேமடைட். இரண்டும் இரும்பின் ஆக்சைடு வகை. கோயத்தைட்டில் நீர் கட்டுண்டு கிடக்கிறது, ஹேமடைட்டில் அது இல்லை. 250 முதல் 300 டிகிரி செல்சியஸ் வரை சூடு ஏறினால் அந்த நீர் வெளியேறி மஞ்சள் சிவப்பாகிவிடும். டார்வின் நகருக்கு வடக்கே திவி தீவுகளின் ஓவியர்கள் மஞ்சள் கட்டியைத் தணலில் இட்டே சிவப்பு எடுக்கிறார்கள். தணலின் ஓரத்தில் கிடந்த கட்டி ஆரஞ்சோடு நின்றுவிடும், நடுவில் கிடந்தது நன்றாகச் சிவக்கும், உடைத்துப் பார்த்தால் சில கட்டிகளின் உள்ளே மஞ்சள் அப்படியே இருக்கும். நம்மூர் நாட்டுமருந்துக் கடையில் கிடைக்கும் காவிக்கல்லும் இதே குடும்பம்தான். நுண்ணளவில் கலந்திருக்கும் பிற தனிமங்களை வைத்து, ஒரு காவி எந்தக் குழியிலிருந்து வந்தது என்று ஆய்வகத்தில் ஓரளவு சொல்லலாம். வெறும் கண்ணால் சொல்ல முடியாது.

ஆனால் 'எங்கே எடுத்தால் என்ன' என்பதை 1874-இல் தெற்கு ஆஸ்திரேலிய அரசு நடைமுறையிலேயே சோதித்துப் பார்த்துவிட்டது. ஐர் ஏரிப் பக்கத்து டியாரி மக்கள், பிளிண்டர்ஸ் மலைத்தொடரில் உள்ள பூக்கார்ட்டூ என்னும் செங்காவிக் குழிக்குப் பல நூறு கிலோமீட்டர் நடந்து போய், மண்ணைக் கட்டிகளாக்கிச் சுமந்து திரும்புவார்கள். வழியில் வெள்ளையர்களின் ஆட்டுப் பண்ணைகள் முளைத்தபிறகு அந்தப் பயணங்களில் மோதலும் துப்பாக்கிச் சூடும் சாவும் சேர்ந்துகொண்டன. இவர்களுக்கு வேண்டியது சிவப்பு மண்தானே, நாமே கொண்டுபோய்க் கொடுத்தால் பயணம் நின்றுவிடும் என்று அதிகாரிகள் கணக்குப் போட்டார்கள். அடிலெய்டுக்குத் தெற்கே கடலோரத்தில் இருந்த வேறொரு மக்களின் பழைய காவிக் குழியில் மண் வெட்டி, வடக்கே அனுப்பி வைத்தார்கள். பயணங்கள் நிற்கவில்லை. பூக்கார்ட்டூ காவிக்கு ஒரு வெள்ளி மினுமினுப்பு உண்டு, வந்த மண்ணில் அது இல்லை. மினுமினுப்பு இருந்திருந்தாலும் காரியம் ஆகியிருக்காது என்றே நினைக்கிறேன். பூக்கார்ட்டூ காவி, மூதாதை ஈமு ஒன்று வேட்டைநாய்களால் கொல்லப்பட்ட இடத்தில் சிந்திய ரத்தம். கடலோர மண்ணுக்கு அந்த வரலாறு கிடையாது.

இதேபோல மேற்கு ஆஸ்திரேலியாவில் வஜாரி மக்களின் நிலத்தில் வில்கி மியா என்று மிகப் பழைய காவிச் சுரங்கம் ஒன்று இருக்கிறது. ஈட்டி பட்ட பெரிய கங்காரு அங்கே விழுந்து, அதன் ரத்தம் சிவப்புக் காவியானது, ஈரல் மஞ்சளானது, பித்தம் பச்சையானது என்பது அங்கத்திய வரலாறு. இதைக் 'கதை' என்று ஒதுக்கிவிட்டால் ஓவியம் புரியாது. அங்கே நிறம் என்பது மூதாதையின் உடலில் ஒரு பகுதி. அந்தப் பொருளைத் தொட யாருக்கு உறவு இருக்கிறது, யாருக்கு இல்லை என்பதும் அதோடு சேர்ந்தே வருகிறது.

நீங்கள் பார்த்தது மரப்பட்டை ஓவியம் என்பதால் இனி வடக்கே ஆர்னெம் லாண்டுக்குப் போவோம். நான் எடுத்துக்கொள்ளும் ஓவியர் ஜான் மவுர்ன்ஜுல் (1952–2024). குனிஞ்கு மொழிக்காரர், மானின்கிரிடா ஊருக்கு உட்புறம் மில்மில்ங்கான் என்னும் சிறு குடியிருப்பில் வாழ்ந்து வரைந்தவர். பாரிசில் 2006-இல் திறந்த கே பிரான்லி அருங்காட்சியகக் கட்டடத்தில் ஒரு தூணும் கூரைப் பகுதியும் அவருடைய வேலை. (காலமானவரின் பெயரைச் சில காலம் உச்சரிக்காமல் இருப்பது அந்தப் பகுதியில் பலரிடம் உள்ள வழக்கம். அவர் ஊர்க்காரர்களிடம் பேச நேர்ந்தால் இதை நினைவில் வையுங்கள்.)

அவர் கையாண்ட நிறங்களில் வெள்ளைக்குத்தான் தனி மதிப்பு. அந்த வெள்ளை மண்ணுக்கு டெலெக் என்று பெயர். குஜார்ங்கல் என்னும் புனித இடத்தில் அது கிடைக்கிறது. அது ஙல்யோத் என்னும் வானவில் நாகத்தின் மலம் என்பது குனிஞ்கு மக்களின் அறிவு. (சொல்லின் தொடக்கத்தில் ங வரும் இந்தப் பெயரை எழுத ஆங்கிலத்துக்கு இரண்டு எழுத்து வேண்டும், தமிழில் ஒரே எழுத்து சும்மா காத்துக்கொண்டிருக்கிறது.) ஙல்யோத் ஆழமான நீர்நிலைகளுக்கு அடியில் இருப்பது, மழைக்காலத்தோடு தொடர்புடையது, முறை தவறியவரை விழுங்கி நிலத்தோடு நிலமாக்குவது. மில்மில்ங்கானிலும் நீருக்கடியில் அதன் இருப்பு உண்டு. அந்த நீர்நிலையை ஓவியர் வரையும்போது, நாகத்திலிருந்து வந்த வெள்ளையைக்கொண்டே நாகம் உறையும் இடத்தை வரைகிறார். மூதாதையர் நிலத்திலிருந்து எடுத்த நிறம் என்று கலைக்கூடம் ஒரே வரியில் எழுதி வைத்ததன் பின்னால் இவ்வளவு இருக்கிறது. அந்த வரியை மட்டும் படித்துவிட்டு நீங்கள் ஐயப்பட்டதில் வியப்பில்லை.

இந்த வெள்ளையைக் கனிமமாகப் பார்த்தாலும் சுவாரசியமானது. வட ஆஸ்திரேலிய வெள்ளை மண்களில் இரண்டு வகை உண்டு. ஒன்று கயோலின், நாம் பீங்கான் களிமண் என்போமே அது. இன்னொன்று ஹன்டைட், மக்னீசியமும் கால்சியமும் சேர்ந்த கார்பனேட். ஹன்டைட்டின் துகள் மிக நுண்ணியது, ஏறக்குறைய மைக்ரான் அளவு. விரலில் தேய்த்தால் வெண்ணெய்போல வழுக்கும், காய்ந்தால் கண்ணைப் பறிக்கும் வெண்மை. மேற்கு ஆர்னெம் லாண்டின் குகை ஓவியங்களிலும் இதைக் கண்டிருக்கிறார்கள். தடிப்பாகப் பூசினால் காய்ந்து செதில் செதிலாக உதிரும், அது அதன் குணம். அதனால்தான் பழைய குகை ஓவியங்களில் சிவப்பு பாறைக்குள் ஊறி நிலைத்து நிற்க, வெள்ளை முதலில் போய்விடுகிறது. சில இடங்களில் சிவப்பு மட்டும் இருப்பதைப் பார்த்து 'அந்தக் காலத்தில் சிவப்பு மட்டும்தான் பயன்படுத்தினார்கள்' என்று முடிவு கட்டுவது தவறு.

வேலை எப்படி நடக்கிறது என்று தெரிந்தால் மற்றது எளிது. பட்டை, நாரிழைப் பட்டையுள்ள ஒரு யூகலிப்டஸ் மரத்திலிருந்து வருகிறது. மழைக்காலத்திலும் அது முடிந்த கையோடும்தான் உரிக்க முடியும். அப்போது மரத்தில் சாறு ஓடுவதால் பட்டை நழுவிக்கொண்டு வரும். வறண்ட மாதங்களில் கோடாரியால் மல்லுக்கட்டினாலும் கிழிந்துதான் வரும். மேலும் கீழுமாக மரத்தைச் சுற்றி இரண்டு வெட்டு, நெடுக்காக ஒரு வெட்டு, பிறகு நெம்பி எடுப்பது. வெளிப்புற நாரைச் செதுக்கிவிட்டு நெருப்பின் மேல் காட்டுவார்கள். உள்ளிருக்கும் ஈரம் ஆவியாகும்போது பட்டை வளைந்து கொடுக்கும். அந்தச் சூட்டிலேயே தரையில் விரித்து, மேலே கல்லும் மணலும் பாரமாக வைத்துப் பல நாள் விட்டுவிடுவார்கள். அவசரப்பட்டுப் பாரத்தை எடுத்தால் பட்டை மறுபடி மரத்தின் உருளை வடிவத்துக்கே சுருளும். அது மறக்கவே மறக்காது. முப்பது ஆண்டு கழித்தும் அறையின் ஈரப்பதம் இறங்கினால் சுருளப் பார்க்கும். இரு முனைகளிலும் குச்சி வைத்துக் கட்டியிருப்பது இதற்காகத்தான், அலங்காரத்துக்கு இல்லை.

பட்டையின் உட்புறத்தைத் தேய்த்து வழவழப்பாக்கி, பெரும்பாலும் செங்காவியால் ஒரு தளம் பூசுவார்கள். காவியைப் பொடி செய்து டப்பாவில் நிரப்பி வைக்கும் வேலையெல்லாம் இல்லை. தட்டைக் கல்லில் கொஞ்சம் நீர் விட்டுக் கட்டியை அப்படியே உரசுவார்கள், நாம் சந்தனம் இழைப்பதுபோல. அன்றைக்கு வேண்டியது மட்டும் இழைபடும். கறுப்புக்குக் கரி. பசைக்கு முன்பு மரத்தில் ஒட்டி வளரும் ஒருவகை ஆர்க்கிடின் தண்டை நறுக்கி, அதன் சாற்றைப் பட்டையில் தேய்த்துவிட்டு மேலே வரைவார்கள். ஆமை முட்டையின் மஞ்சள் கருவையும் பயன்படுத்தியதுண்டு. 1960-களுக்குப் பிறகு தச்சர்கள் பயன்படுத்தும் வெள்ளைப் பசை, அதாவது நம்ம பெவிக்கால் வகை, அந்த இடத்தைப் பெரும்பாலும் பிடித்துக்கொண்டது. இது தெரிந்ததும் 'அப்படியென்றால் இயற்கை ஓவியம் என்பது பொய்யா' என்று சிலர் கேட்பார்கள். அவர்கள் மரபில் பொருள் ஏற்றப்பட்டிருப்பது மண்ணில். பசை வெறும் பிடிமானம். மண்ணை மாற்றினால் கேள்வி வரும், பசையை மாற்றியதற்கு அங்கே யாரும் அலட்டிக்கொள்ளவில்லை.

இனி ரார்க். மிக மெல்லிய இணைகோடுகளை ஒரு திசையில் இழுத்து, அவற்றின்மேல் இன்னொரு திசையில் கோடு போட்டு நிரப்பும் முறைக்கு அதுதான் பெயர். தூரிகை, நம்மூர்க் கோரைக்கு உறவான ஒரு புல்லின் தண்டு. நுனியை மென்று பிரித்துச் சில நீண்ட இழைகளை மட்டும் விட்டு வைப்பார்கள். கிழக்கே யிர்கலா பக்கத்து யோல்ங்கு மக்கள் இதே வேலைக்கு மனிதத் தலைமுடியைக் குச்சியில் கட்டிய தூரிகை வைத்திருக்கிறார்கள். நுனியால் எழுதுவதில்லை. நிறம் தோய்ந்த இழையை அதன் நீளம் முழுக்கப் பட்டையின் மேல் படுக்க வைத்து, ஒரே இழுப்பில் தன் பக்கமாக இழுப்பது. நடுவில் கை நின்றால் அந்த இடத்தில் சொட்டு தேங்கிக் கோடு தடிக்கும். நிறம் கெட்டியாக இருந்தால் கோடு பாதியில் அறுந்துவிடும், தண்ணியாக இருந்தால் பக்கத்துக் கோட்டோடு கலந்துவிடும். ஒரு கோடு ஒரு மில்லிமீட்டர் அளவு என்று வைத்தால், ஆளுயரப் பட்டையில் எத்தனை ஆயிரம் இழுப்பு என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

நீங்கள் அந்தப் படத்தின் முன் நின்றபோது கண் கூசுவதுபோல ஓர் அதிர்வு தெரிந்திருக்கும். யோல்ங்கு மொழியில் அந்த மினுக்கத்துக்கு பிர்யுன் என்று சொல். மூதாதையின் ஆற்றல் அங்கே இருக்கிறது என்பதற்கு அதுவே அடையாளம். குனிஞ்கு ரார்க்கும் மர்டாயின் என்ற சடங்கில் உடலில் எழுதும் கோலத்திலிருந்து வந்தது. உடலில் எழுதுவதற்கும், வெளியாருக்கு விற்கும் பட்டையில் வருவதற்கும் இடையே எதைக் காட்டலாம், எதைக் காட்டக்கூடாது என்ற எல்லையை அவர்களே வைத்திருக்கிறார்கள். இதுவரை நிச்சயம். ஒரு குறிப்பிட்ட கட்டத்துக்குள் மஞ்சளும் வெள்ளையும் மாறி மாறி வந்தால் அதற்கு இன்ன பொருள் என்று யாராவது அட்டவணை போட்டுச் சொன்னால் நம்ப வேண்டாம். ஒரே வடிவம், பார்ப்பவர் எவ்வளவு அறியத் தகுதியுள்ளவர் என்பதைப் பொறுத்துப் பல அடுக்காகப் பொருள்படும். விற்பனைக்கு வந்த ஓவியத்தோடு வருவது எல்லாவற்றுக்கும் மேலடுக்கு மட்டும்.

மினுக்கத்துக்கு ஒளியியல் காரணமும் உண்டு. வெள்ளைக் களிமண்ணை நீரில் குழைத்துப் பூசினால் முதலில் சாம்பல் நிறத்தில், பாதி ஊடுருவித் தெரிகிற மாதிரி இருக்கும். காயக் காய வெண்மை மேலெழும். ஒரு பொருள் ஒளியை எவ்வளவு வளைக்கிறது என்பதைக் காட்டுவது ஒளிவிலகல் எண். களிமண்ணுடையது சுமார் 1.56, நீருடையது 1.33, காற்றுக்கு 1. எண்களுக்கு இடையே வித்தியாசம் கூடக்கூட ஒளி அதிகம் சிதறும், சிதறினால்தான் வெள்ளை. நீர் போய்த் துகள்களுக்கு இடையே காற்று நுழைந்ததும் வெண்மை பிறக்கிறது. இப்போது பசையைக் கூட்டிப் பாருங்கள். வெள்ளைப் பசை காய்ந்தபின் அதன் எண் 1.47 பக்கம். அது காற்று இருக்க வேண்டிய இடைவெளிகளை நிரப்பிக்கொண்டால் களிமண் மறுபடி சாம்பலாகும், மேலே ஒரு பிளாஸ்டிக் பளபளப்பும் ஏறும். அதாவது பசை குறைந்தால் கோடு உதிரும், கூடினால் வெண்மை சாகும். அனுபவமுள்ள ஓவியர் இந்த இரண்டுக்கும் நடுவே மெல்லிய இழைமேல் நடக்கிறார். கடையில் விற்கும் டைட்டானியம் வெள்ளைக்கு ஒளிவிலகல் எண் 2.5-க்கு மேல் என்பதால் இந்தத் தலைவலியே இல்லை, எந்தப் பசையிலும் வெள்ளையாக இருக்கும். ஆனால் எல்லாப் பக்கமும் சீராக மூடிவிடும். டெலெக்கின் தூள்தன்மையும் உலர்ந்த ஒளியும் அதில் வராது.

உரிமை பற்றி ஒரு பத்தி கட்டாயம் வேண்டும், ஏனென்றால் உங்கள் கேள்வியில் அது நேராக வரவில்லை. இந்த ஓவியங்கள் நிலத்தைப் பற்றிய மனநிலையைக் காட்டுபவை என்று வெளியார் எடுத்துக்கொள்கிறோம். வரைபவர்களுக்கு அவை ஏறக்குறைய பத்திரம். குலத்துக்கு உரிய கோலத்தை அந்தக் குலத்தார், அல்லது தாய்வழி போன்ற உறவால் அனுமதி பெற்றவர் மட்டுமே வரையலாம். 1963 ஆகஸ்டில் யோல்ங்கு மக்கள் தங்கள் நிலத்தில் பாக்சைட் (அலுமினியத் தாது) சுரங்கம் வருவதை எதிர்த்து ஆஸ்திரேலிய நாடாளுமன்றத்துக்கு மனு அனுப்பினார்கள். தட்டச்சு செய்த தாளைப் பட்டையில் ஒட்டி, சுற்றிலும் மண் நிறங்களால் தங்கள் கோலங்களை எழுதியிருந்தார்கள். நடுவில் இருந்த தாள் அரசுக்குப் புரிய, ஓரத்தில் இருந்த கோலம்தான் அவர்கள் பார்வையில் ஆதாரம். சுரங்கம் தேடி வந்ததும் அந்தச் சிவந்த மண்ணைத்தான் என்பதை நினைத்தால் ஒரு மாதிரி இருக்கும். பிறகு 1996-இல், ஒரு முதலை மூதாதையின் புனித இடத்தில் திருட்டு மீன்பிடிக் கூடாரமும் வெட்டுண்ட முதலைத் தலையும் கிடைக்க, கடல்நீரின் எந்தப் பகுதி யாருடையது என்று காட்ட 80 பட்டைகள் வரைந்தார்கள். அந்தப் போராட்டம் 2008 ஜூலை 30-இல் ஆஸ்திரேலியாவின் தலைமை நீதிமன்றமான உயர் நீதிமன்றத்தின் நீல மண் விரிகுடா (Blue Mud Bay) தீர்ப்பு வரை போனது. அலை ஏறி இறங்கும் கரையில் யார் நுழையலாம் என்பதில் நிலத்துக்கு உரியவர்களின் கட்டுப்பாட்டை அது ஏற்றது.

இப்போது உங்கள் ரோஸ் நிறம். இடையில் ஒரு படி இருக்கிறது, அதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். வடமேற்கு ஆஸ்திரேலியாவின் கிம்பர்லி பகுதியில் வார்முன் ஊர்க்காரர்கள் மண் நிறத்தைத்தான் பயன்படுத்துகிறார்கள், ஆனால் பலகையிலும் கேன்வாசிலும். 1990-இல் வெனிஸ் கலைவிழாவில் ஆஸ்திரேலியாவுக்காகக் காட்சிக்கு வந்த இருவரில் ஒருவரான ரோவர் தாமஸ் இந்த ஊரில் வாழ்ந்தவர். அதே ஊர் குயீனி மெக்கென்சி செங்காவியில் வெள்ளை மண்ணைக் கலந்து இளஞ்சிவப்பும் வெளிர் ஊதாவும் எடுத்தார். ஆக, ரோஸ் என்றாலே கடைச் சரக்கு என்று இல்லை. வார்முன் ஓவியங்களின் பலவீனம், மண் தடித்துப் பசை மெலிந்த பரப்பு. விரல் பட்டால் பொடி ஒட்டும், நீர் பட்டால் கரையும். 2011 மார்ச் வெள்ளம் அந்த ஊரை அடித்துச் சென்றபோது மிஞ்சிய ஓவியங்கள் பூஞ்சையோடு மெல்போர்ன் பல்கலைக்கழகத்தின் பாதுகாப்பு மையத்துக்குப் போய்ச் சிகிச்சை பெற வேண்டியிருந்தது.

நீங்கள் சொல்லும் அக்ரிலிக் ஓவியர் யார் என்று எழுதவில்லை. ரோஸ், நிலம் என்றதும் நினைவுக்கு வருபவர் சாலி கபோரி என்று அழைக்கப்படும் முதியவர், 2015-இல் காலமானார். கார்பென்டாரியா வளைகுடாவில் பென்டிங்க் தீவைச் சேர்ந்த கையாடில்ட் பெண். 1948-இல் புயலலை குடிநீரைக் கெடுத்தபின், அந்த மக்கள் பக்கத்து மார்னிங்டன் தீவின் கிறித்தவ மிஷனுக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். பல பத்தாண்டுகள் சொந்தத் தீவுக்கு வெளியேதான் வாழ்க்கை. ஓவியம் தொடங்கியது 2005-இல், எண்பது வயதையொட்டி. அடுத்த சில ஆண்டுகளில் 2000-க்கும் மேற்பட்ட படங்கள். இங்கே கவனிக்க வேண்டியது: ஆர்னெம் லாண்டுபோல மண் நிறத்தால் எழுதும் கோல மரபு கையாடில்ட் மக்களிடம் அவருக்கு முன் இல்லை. காப்பாற்ற வேண்டிய டெலெக்கும் ரார்க்கும் அவருக்குக் கிடையாது. அதனால் அக்ரிலிக் எடுத்தது மரபை விட்டுக்கொடுத்த செயலாகாது.

பிணைப்பு அவரிடம் வேறு இடத்தில் இருக்கிறது. அவருடைய கையாடில்ட் பெயர் மிர்டிடிங்கிஙத்தி ஜுவர்ண்டா. முதல் பாதிக்கு 'மிர்டிடிங்கி என்னும் இடத்தில் பிறந்தவர்' என்று பொருள், இரண்டாவது அவருடைய குலக்குறியான டால்பின். ஊர்ப்பெயரைத் தன் பெயரோடு சேர்த்துச் சொல்லும் பழக்கம் உள்ள நமக்கு இது அந்நியமாகத் தோன்றாது. படங்களின் தலைப்புகளும் இடப்பெயர்களே: கணவரின் நிலம், தந்தையின் நிலம், அண்ணன் நிலம். உப்புப் படுகை, சதுப்புக்காடு, கரையோரம் கல் அடுக்கிக் கட்டிய மீன்பிடி அணைகள், பவளத் திட்டு என்று அவருக்குக் காலடி காலடியாகத் தெரிந்த நிலம். ஈர நிறத்தின் மேலேயே வெள்ளையை இழுத்து இழுத்துக் கலந்து, சிவப்பை ரோஸாக மாற்றும் வேகம் அக்ரிலிக்கில் சாத்தியம், ஆனால் காய்வதற்குள் முடிக்க வேண்டும். அந்த ரோஸ் உப்புப் படுகையின் மாலை ஒளியா, வேறொன்றா என்பதில் விமர்சகர்கள் எழுதுவதில் பாதி ஊகம். இடம் எது என்பது தலைப்பால் உறுதி. நிறத்துக்கு நிறம் பொருள் சொல்வது உறுதியில்லை.

பாலைவனப் பக்கத்து எமிலி காமே ஙவாரேயையும் (1996-இல் காலமானார்) இதே வரிசையில் சொல்வார்கள். காமே என்ற பெயரே அவர் நிலத்தில் மண்ணுக்கடியில் விளையும் ஒரு கிழங்குக் கொடியின் விதையைக் குறிப்பது. 1995-இல் 8 மீட்டர் அகலம், 3 மீட்டர் உயரத்தில் அவர் வரைந்த கிழங்குப் படத்தில் நிறமே இல்லை, கறுப்பின் மேல் வெள்ளைக் கொடிவேர் மட்டும் ஓடுகிறது. அது மெல்போர்னில் விக்டோரியா தேசியக் கலைக்கூடத்தின் சேகரிப்பில் உள்ளது, காட்சிக்கு வைத்திருந்தால் தவறவிடாதீர்கள். நிறம் இல்லாமலும் நிலம் இருக்க முடியும் என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டியதில்லை.

ஆகவே உங்கள் 'எது உண்மை'க்கு என் பதில்: மவுர்ன்ஜுலிடம் நிறம் நிலத்தின் ஒரு துண்டு, கபோரியிடம் நிறம் நிலத்தை நினைக்கும் வழி. இருவருக்கும் பொதுவாக இருப்பது, அந்த இடத்தைச் சொல்ல அவர்களுக்கு உள்ள உரிமை. படத்தின் பக்கத்தில் கலைக்கூடம் வைக்கும் விளக்கச் சீட்டு இந்த வேறுபாட்டைச் சொல்லாமல் இரண்டுக்கும் ஒரே வாக்கியத்தை ஒட்டினால் குறை சீட்டில்தான்.

வீட்டில் செய்து பார்ப்பது பற்றி. மண்ணையும் பசையையும் தாராளமாகச் சோதிக்கலாம். ரார்க் கோலத்தையோ அவர்கள் உருவங்களையோ போலி செய்ய வேண்டாம். அது பிறர் பத்திரத்தில் கையெழுத்துப் போடுவது மாதிரி, ஆஸ்திரேலிய நீதிமன்றங்களில் வழக்கும் நடந்து ஓவியர்கள் வென்றிருக்கிறார்கள். காவிக்கல்லை உலரப் பொடிக்காதீர்கள், தூசி நுரையீரலுக்கு ஆகாது. அம்மியில் நீர் விட்டே அரையுங்கள். விழுதை ஐந்தாறு மடங்கு நீரில் கலக்கி அரை நிமிடம் விட்டால் மணல் அடியில் தங்கும். மேலே நிற்கும் கலங்கலை வேறு பாத்திரத்தில் ஊற்றி இரவு முழுக்கத் தெளிய விட்டு, தெளிந்த நீரை வடித்துவிட்டு வண்டலை எடுத்துக்கொள்ளுங்கள். கடலோர மண் என்றால் இதை மூன்று நான்கு முறை செய்ய வேண்டும், இல்லாவிட்டால் காய்ந்த ஓவியத்தின் மேல் உப்புப் பூக்கும்.

வெள்ளைக்கு 10 கிராம் வீதம் கயோலினை மூன்று கிண்ணத்தில் நீரில் குழைத்து, ஒன்றில் 1 கிராம், அடுத்ததில் 4 கிராம், மூன்றாவதில் 15 கிராம் வெள்ளைப் பசை சேருங்கள். செங்காவி பூசிய அட்டையில் மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் தீட்டி ஒரு நாள் காய விடுங்கள். முதலாவது விரலோடு வந்துவிடும். மூன்றாவது நன்றாக ஒட்டியிருக்கும், ஆனால் அடியிலுள்ள சிவப்பு தெரியும்படி மங்கி, பளபளக்கும். நடுவில் உள்ளதை ஜன்னல் பக்கம் கொண்டுபோய்ச் சாய்த்துப் பாருங்கள்.